கெட்டியா ஊத்திடலாமுங்களா? ஸ்போர்ட்ஸ் கார் ஆயில் தொல்லைகள், அறிகுறி வாரியாக

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் பாதையில் ஓட்டும் நாள்) முடித்த யாராவது, வியர்வை காய்வதற்குள் கூப்பிடுவார். "அண்ணா, ஐட்லிங்ல ஆயில் லைட்டு மினுக்குதுங்க. அடுத்த சர்வீஸ்ல கொஞ்சம் கெட்டியா ஊத்திடலாமுங்களா?" மறுநாள் இன்னொருவர்: "ஆயில் குறையுதுங்க, கெட்டியா ஊத்தலாமுங்களா?" மூன்றாவது ஆள் "காலைல டக் டக்னு சத்தம்…" என்று ஆரம்பிப்பார். மிச்சத்தை அவர் சொல்லவே வேண்டாம்.

தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சூரணம். இது அம்பாசடர் காலத்துப் பழக்கம். தேய்ந்த இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் அடங்கும், புகை குறையும், வண்டி கைமாறும். இன்றைய டர்போ இன்ஜினில் அதே கைவைத்தியம் சில நேரம் சரி, பல நேரம் வெட்டிச் செலவு, ஒன்றிரண்டு நேரம் இன்ஜினுக்கே உலை. எப்போது எது என்று பிரித்துப் பார்க்க, கோவையில் என் பட்டறையில் நான் போகும் வரிசையைத்தான் கீழே தருகிறேன். உங்கள் காரில் தெரியும் அறிகுறிக்கு நேராகத் தாவலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

நான் ஓட்டுவது ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230. நாலு கதவு, ஊர்ச் சாமான் கொள்ளும் டிக்கி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கூபே வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆயிலுக்கு அந்தக் கௌரவமெல்லாம் தெரியாது.

எதற்கும் முன்னால்: கேனின் முதுகைப் படியுங்கள்

முன்பக்கம் இருப்பது விளம்பரம். சங்கதி பின்பக்கத்தில்.

5டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் சோதித்து, இன்ஜினைச் சுழற்ற விடும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறது என்று அர்த்தம். 10டபிள்யூ என்றால் அதே சோதனை மைனஸ் 25-ல். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில்கூட இரண்டுமே தாராளம். நம் ஊரில் அந்த முதல் எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது எண், 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 வரை. இதில் ஒரு சூட்சுமம். 12.4-ல் நிற்கும் 30-க்கும் 12.6-ல் நிற்கும் 40-க்கும் நடைமுறையில் வித்தியாசமே கிடையாது. ஆனால் கடையில் "30-ஆ? தண்ணியா ஓடும் சார்" என்று பயமுறுத்துவார்கள்.

நான் முதலில் தேடுவது மூன்றாவது எண். அது பெரும்பாலும் கேனில் இருக்காது, தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் இருக்கும். பெயர் எச்டிஎச்எஸ். 150 டிகிரியில், கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்கும் உரசும் வேகத்தில் நசுக்கும்போது ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்ற அளவு. இங்கே கோடு 3.5. ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் ஏ3/பி4, சி3 என்று போட்டிருந்தால் 3.5-க்குக் குறையாது. ஏ5/பி5 என்றால் 2.9-லிருந்து 3.5-க்குள். சி5 என்றால் 2.6-லிருந்து 2.9-க்குள். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்களில் ஒன்று சி3-ஆகவும் மற்றது ஏ5/பி5-ஆகவும் இருக்கலாம். முன்பக்கம் பார்த்தால் இரட்டையர். ட்ராக்கில் பத்து சுற்று ஓட்டினால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கடைசியாக, கார் கம்பெனியின் அங்கீகார எண். ஃபோக்ஸ்வாகன் 502 00, 504 00, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01, போர்ஷே ஏ40. எண்ணுக்கு முன்னால் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். "அப்ரூவல்" என்றிருந்தால் அந்தக் கார் கம்பெனி சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. "சூட்டபிள் ஃபார்", "மீட்ஸ்" என்றிருந்தால் ஆயில் கம்பெனியே தனக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

"ஃபுல்லி சிந்தெடிக்" என்ற தங்க எழுத்துக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரஜனேற்றிச் சுத்திகரித்த குரூப் 3 எண்ணெயையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் அமெரிக்காவில் தகராறு நடந்தது. அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அந்த வார்த்தை ஒரு சந்தைப் பெயர். குரூப் 3 மட்டம் என்று சொல்லவில்லை. நல்ல அங்கீகாரம் வாங்கிய குரூப் 3 ஆயில், அங்கீகாரமே இல்லாத "எஸ்டர் ரேசிங்" ஆயிலைவிட என் இன்ஜினுக்குள் போகத் தகுதியானது.

அறிகுறி: சூடான பிறகு சிவப்பு ஆயில் லைட் மினுக்குகிறது

இன்ஜினை அணையுங்கள். "பார்த்து ஓட்டிட்டு வந்துடறேன்" என்பதெல்லாம் வேண்டாம். மஞ்சள் லைட் ஆயில் அளவைப் பற்றியது, பெட்ரோல் பங்க் வரை பொறுக்கும். சிவப்பு அழுத்தத்தைப் பற்றியது, அது அடுத்த தெருமுனை வரைகூடப் பொறுக்காது.

சமதளத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் விசாரணை பாதி முடிந்தது. கிரேடு பற்றிப் பேசவே வேண்டாம், அளவை நிரப்புங்கள். என்னிடம் இந்தப் புகாரோடு வரும் கார்களில் முதலில் நான் பார்க்கும் குற்றவாளி இதுதான்.

அளவு சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: லைட் எங்கே மினுக்கியது? வளைவிலா, நிற்கும்போதா?

வளைவில் என்றால் ஆயில் ஒதுங்குகிறது. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. நேர்பாதை முடிந்து வேகம் குறையாமல் முதல் வளைவான சி1-க்குள் நுழையும்போது சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். சாப்பாட்டுத் தட்டில் ரசத்தை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள், அதேதான். பம்ப்பின் உறிஞ்சுகுழாய் ஒரு நொடி காற்றைக் குடிக்கும். இதற்கு 60 கிரேடு ஊற்றினால் இன்னும் மோசம். சிலிண்டர் ஹெட்டுக்குப் போன கெட்டி ஆயில் கீழே இறங்கி வரத் தாமதமாகும், சம்ப் இன்னும் காலியாகும். இதற்கு மருந்து தடுப்புத் தகடு வைத்த சம்ப். அது வரும் வரை ட்ராக் நாளில் ஆயிலை மேல்கோட்டில் சரியாக வைத்திருங்கள். கோட்டுக்கு மேலே அரை லிட்டர் "பாதுகாப்புக்கு" ஊற்றினால் கிராங்க் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும்.

நிற்கும்போது மினுக்கினால் ஆயிலின் சூட்டைப் பாருங்கள். தண்ணீர் முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது 90-ல் ஆணி அடித்தது போல நிற்கும்படி கம்பெனியே வைத்திருக்கிறது. ஆயில் டெம்பரேச்சர் திரையில் தெரியாவிட்டால் காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் இருக்கும் வழக்கமான 5டபிள்யூ-40, 110 டிகிரியில் ஏறக்குறைய 11.4-க்கு இறங்கும். அதாவது பத்து டிகிரி ஏறினாலே உங்கள் 40, நடத்தையில் 30 ஆகிவிடுகிறது. 130 டிகிரியில் அது சுமார் 8. அதே 130-ல் ஒரு சாதாரண 5டபிள்யூ-30 சுமார் 6.3. சித்திரை வெயிலில் இருபது நிமிட செஷன் ஓட்டினால் என் காரில் ஆயில் 125-ஐத் தொடும். அப்போது பிட் லேனுக்கு வந்து ஐட்லிங்கில் விட்டால் அழுத்தம் கீழே கிடப்பதில் ஆச்சரியமில்லை. நான் வைத்திருக்கும் எல்லை இது: 125 வரை ஓட்டு, 130 வந்தால் ஒரு சுற்று மெதுவாகப் போ, அதற்குமேல் ஏறினால் உள்ளே வா.

இங்கேதான் "கெட்டியா ஊத்தலாமா" என்பதற்கு என் பதில் "ஊத்தலாம்". ஆனால் மேனுவல் அனுமதிக்கும் எல்லைக்குள். என் காரின் மேனுவலில் 502 00, 504 00 இரண்டும் இருக்கின்றன. 504 00 வாங்கிய ஆயில்கள் பெரும்பாலும் 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-30. 502 00 வாங்கியவற்றில் 5டபிள்யூ-40 நிறைய. ஊருக்குள் ஓடும் மாதங்களில் எது இருந்தாலும் சரி, ட்ராக் சீசனுக்கு 502 00 வாங்கிய 5டபிள்யூ-40. இதற்கும் லைட் மினுக்கினால் குறை ஆயிலில் இல்லை. சென்சாருக்குப் பதில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி அளக்க வேண்டும். "ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ" என்ற பழைய வாய்ப்பாட்டை இரண்டு நிலைப் பம்ப் உள்ள இன்ஜினில் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பம்ப் வேண்டுமென்றேதான் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது. உங்கள் இன்ஜினுக்கு ரிப்பேர் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் அளவு.

கேஜும் குறைவாகக் காட்டினால், பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். ஹேக்ஸா வேண்டாம், அது தன் தூளையே உள்ளே கொட்டிவிட்டு உங்களைக் கலங்கடிக்கும். பைப் கட்டர் போல வட்டமாக வெட்டும் கருவி வேண்டும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, ஆயிலைப் பிழிந்து, வெள்ளைத் தாளின்மேல் விசிறி போல விரித்து டார்ச் அடியுங்கள். கறுப்புப் பொடி கரி, கவலை இல்லை. காந்தத்தில் ஒட்டும் மெல்லிய மயிரிழைகள் புது இன்ஜினில் கொஞ்சம் இருக்கும். மடிப்பின் அடியில் மீன் செதில் போல மினுமினுப்பு இருந்து, காந்தம் அதைத் தொடாமல், டார்ச்சைச் சாய்க்கும்போது செம்பு நிறம் தட்டினால் பேரிங்கின் அடி அடுக்கு பேசுகிறது. அந்தக் காரைச் சாவி போட்டு நகர்த்தக்கூட நான் விடமாட்டேன், தள்ளித்தான் போக வேண்டும்.

அறிகுறி: ஆயில் குறைந்துகொண்டே போகிறது

முதலில் அளந்தீர்களா? "குறையுதுங்க" என்பது அளவு இல்லை. மேல்கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, 1000 கிலோமீட்டர் ஓட்டி, அதே இடத்தில் அதே சூட்டில் நிறுத்தி, மேல்கோடு வர எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மேனுவல்களில் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று அச்சடித்தே இருக்கும். டர்போவை விரட்டி ஓட்டுபவர்கள் 200 மில்லிக்குப் பதற வேண்டாம். டிக்கியில் ஒரு லிட்டர் கேன் போட்டு வையுங்கள்.

அரை லிட்டரைத் தாண்டினால் புகையைக் கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை என்றால் வால்வ் சீல். டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் என்றால் டர்போவின் சீலைச் சந்தேகப்படுங்கள். புகையே இல்லை ஆனால் குறைகிறது என்றால் ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறக்கப் பாருங்கள். மூடி கையை இழுத்துப் பிடித்து, திறந்ததும் விசில் அடித்து, ஐட்லிங் தடுமாறினால் பிசிவி வால்வின் (இன்ஜின் அடியில் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வ்) ரப்பர் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கிராங்க்கேஸ் ஆவியோடு ஆயிலையும் சேர்த்து இன்டேக் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இதற்குப் போய் 50 கிரேடு ஊற்றினால், விலை கூடின ஆயிலைக் குடிக்கும், அவ்வளவுதான்.

எல்லாம் சரி, இன்ஜின் ஆரோக்கியம், ஆனாலும் ட்ராக் நாள்களில் மட்டும் குறைகிறது என்றால் ஆயில் ஆவியாகிறது. டேட்டா ஷீட்டில் "நோவாக்" என்று ஒரு சதவீதம் இருக்கும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது. ஏ3/பி4, சி3 ஆயில்களுக்கு உச்சவரம்பு 13, அமெரிக்க ஏபிஐ தரத்தில் எஸ்பி-க்கு 15. ஒரே கிரேடு, ஒரே அங்கீகாரம் உள்ள இரண்டு ஆயில்களில் நோவாக் குறைவானதை எடுங்கள். கெட்டியாக்காமலே குடி குறையும்.

அறிகுறி: ஆயில் ஏறுகிறது

குறைந்தால் போன் செய்பவர்கள், ஏறினால் சந்தோஷப்படுகிறார்கள். "நம்ம வண்டி ஆயிலே குடிக்காதுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் பெருமையாகச் சொன்னார். டிப்ஸ்டிக்கை அவர் மூக்குக்கு நேராகக் காட்டினேன். பெட்ரோல் பங்க் வாசனை.

அவர் வீடு ஆர்.எஸ்.புரம், அலுவலகம் மூன்று கிலோமீட்டர். போக, வர, மதியம் சாப்பாட்டுக்கு ஒருமுறை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினில் சூடேறும் வரை கலவையில் பெட்ரோல் தூக்கல். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சம்ப்பில் இறங்கும். நெடுஞ்சாலையில் ஆயில் நன்றாகச் சூடானால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி பிசிவி வழியாகப் போய்விடும். இவர் காரில் அதற்கு நேரமே இல்லை. சில சதவீதம் பெட்ரோல் கலந்தாலே 40 கிரேடு 30-ஆக இளகிவிடும். ஆக, கேனில் எந்த எண்ணை வாங்கினாலும் சம்ப்பில் இருக்கும் எண் வேறு.

செய்ய வேண்டியது: அந்த ஆயிலை மாற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை அவிநாசி ரோட்டைத் தாண்டி பைபாஸில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள், மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். ஓட்டியும் வாசனை வந்தால் இன்ஜெக்டர் கசிகிறதா, உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் உள்ளே ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நூறு மில்லி பழைய ஆயிலை லேபுக்கு அனுப்புங்கள். பெட்ரோல் சதவீதம், கெட்டித்தன்மை, உலோகம் எல்லாம் எழுதி வரும். அதில் சிலிக்கான் அதிகம் என்றால் ஏர் ஃபில்டரில் புழுதி நுழைகிறது. சோடியம், பொட்டாசியம் சேர்ந்து ஏறினால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) கலக்கிறது.

அறிகுறி: குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை அமுக்கினால் ஒரே ஒரு "டங்"

நாலாவது கியர், 1500 ஆர்பிஎம், பாலம் ஏறுகிறது, சோம்பலில் கியரைக் குறைக்காமல் காலை முழுக்க வைக்கிறீர்கள். சுத்தியலால் ஒரு அடி விழுந்த மாதிரி சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சாதாரண நாக்கிங் கடகடவென்று வரும். இது தனியாக ஒன்று விழும். ஸ்பார்க் வருவதற்கு முன்பே, சிலிண்டரில் தெறித்த ஆயில்-பெட்ரோல் துளி தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எல்எஸ்பிஐ. சிறிய டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களின் வியாதி. பிஸ்டனின் ரிங் மேடு உடைந்துபோகும் அளவுக்கு இது முற்றலாம்.

ஆயில் நேரடியாக மருந்தாக இருக்கும் அபூர்வமான அறிகுறி இது. ஆயிலில் அழுக்கு நீக்கியாகச் சேர்க்கும் கால்சியம் இந்தத் தீயைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதில் ஒரு பகுதியை மக்னீசியமாக மாற்றினார்கள். அதற்கான சோதனை 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரத்தில் வந்தது. 2020-ல் வந்த எஸ்பி-யிலும், 2025-ல் வந்த எஸ்க்யூ-விலும் தொடர்கிறது. அலமாரியில் வெறும் எஸ்என் மட்டும் போட்ட பழைய ஸ்டாக் தள்ளுபடியில் கிடைத்தால், டர்போ கார்க்காரர்கள் கையை மடக்கிக்கொள்ளுங்கள். கெட்டித்தன்மைக்கு இதில் வேலையே இல்லை. கூடவே காலையும் திருத்துங்கள்: பாலம் ஏறும்முன் ஒரு கியர் குறையுங்கள்.

அறிகுறி: ஆயில் மாற்றிய பிறகு வண்டி மந்தமாகிவிட்டது

இது என் கையால் நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பட்டறை ஆரம்பித்த புதிதில் நண்பர் ஒருவரின் சின்ன டர்போ ஹேட்ச்பேக். மேனுவல் 0டபிள்யூ-30 கேட்டது. என் அலமாரியில் 10டபிள்யூ-60 கேன் ஒன்று பளபளவென்று நின்றது. "ரேஸ் காருக்கே இதுதாண்டா ஊத்தறாங்க" என்று ஊற்றினேன். மறுநாள் காலை இன்ஜின் லைட். ஸ்கேனரில் பி0011, கேம்ஷாஃப்ட் டைமிங் கோளாறு. வால்வ் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் நகர்கிறது. சல்லடைத் துளை வழியாக அந்தத் தேன் போய்ச் சேருவதற்குள் கணினி பொறுமை இழந்துவிட்டது. இறக்கிவிட்டுச் சரியான ஆயில் ஊற்றியதும் லைட் போயிற்று. இரண்டு கேன் காசு என் பாக்கெட்டிலிருந்து.

10டபிள்யூ-60-க்கு இவ்வளவு கௌரவம் வந்தது பிஎம்டபிள்யூவின் வேக ரகமான எம் கார்களால். ஈ46 எம்3-யின் எஸ்54 இன்ஜின் 8000 ஆர்பிஎம் வரை ஓடும். அதில் கனெக்டிங் ராட் பேரிங்குகள் போய், கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. அந்த இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 விதித்ததும் பிஎம்டபிள்யூதான். ஆனால் அடுத்து வந்த எஸ்65 வி8-க்கும் இதே 10டபிள்யூ-60-தான் ஊற்றினார்கள், அங்கும் பேரிங் தேய்ந்தது. கெட்டி ஆயில் மட்டும் பேரிங்கைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2014-ல் வந்த எஃப்80 எம்3-யின் டர்போ இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 கிடையாது. எம் பேட்ஜ் ஸ்டிக்கர் ஒட்டிய காருக்கு? அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. "லேட்டஸ்ட் எண்தானே நல்லது" என்று 504 00 கேட்கும் காருக்கு 508 00 வாங்குகிறார்கள். அது 0டபிள்யூ-20, எச்டிஎச்எஸ் 2.6 அளவில், அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின்களுக்கு. கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதற்குப் பச்சைச் சாயம் போட்டிருக்கிறார்கள். கேனைத் திறந்ததும் வழக்கமான தேன் நிறத்துக்குப் பதில் பச்சை தட்டினால், உங்கள் மேனுவலில் 508 00 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக்

இரண்டு நொடியில் நின்றால் விட்டுவிடுங்கள். ஐந்தாறு நொடி நீடித்தால் ஃபில்டரை மாற்றுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் நாக்கு இருக்கும், இரவில் ஆயில் கீழே வடியாமல் பிடித்துக்கொள்ளும். மலிவு ஃபில்டரில் அது விறைத்துப்போகும். பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆயிலுக்கு இருநூறு ரூபாய் ஃபில்டர் மாட்டுவது பட்டுப்புடவைக்குச் சணல் கயிற்றில் ஒட்டியாணம் கட்டுவது. புது ஃபில்டர் மாட்டியும் சத்தம், அதுவும் இன்ஜினின் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து கரகரவென்று வந்தால், டைமிங் செயின் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி: மூடிக்கு அடியில் மோர் மாதிரி

ஆயில் மூடியின் உள்பக்கத்தில் மட்டும் வெள்ளையாகப் படிந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் ஈரம். மழைக்காலம், குறுகிய ஓட்டம் இரண்டும் சேர்ந்தால் வரும். ஈரத்தை இழுக்கும் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலோடு ஓடும்போது இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கிறேன். நீண்ட ஓட்டம் போனால் காயும். டிப்ஸ்டிக்கிலும் மோர் தெரிந்து, கூலன்ட் டப்பாவும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர். வண்டியை எடுக்காதீர்கள்.

அறிகுறி என்று நினைப்பது, ஆனால் இல்லை

ஆயில் ஆயிரம் கிலோமீட்டரில் கறுத்துவிட்டது என்று ஒருவர் படம் அனுப்புவார். கறுக்கத்தான் வேண்டும், கரியைச் சுமப்பது அதன் வேலை. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

சிந்தெடிக்குக்கு மாறியதும் கசிவு வந்துவிட்டது என்பார்கள். பதினைந்து வருட ரப்பர் சீல் ஏற்கெனவே விறைத்திருக்கும். பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டையைப் புது ஆயில் கழுவித் திறந்துவிட்டது. சீலை மாற்றுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் எதுவும் பொருந்தவில்லை

சரியான எண், சரியான அளவு, நல்ல ஃபில்டர். ஆனாலும் மூவாயிரம் கிலோமீட்டரில் ஆயில் தண்ணீராகிவிட்டது, அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் வாசனையும் இல்லை. இரண்டு காரணம் மிச்சம். ஒன்று, ட்ராக். 5டபிள்யூ-40 போல அகலமான கிரேடில் சூட்டில் கெட்டித்தன்மையைப் பிடித்துவைப்பது நீளமான பாலிமர் சங்கிலிகள். அதிக ஆர்பிஎம்மில் அவை அறுந்து 40 மெல்ல 30 ஆகும். ட்ராக் கார்களுக்கு நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. மூன்று ட்ராக் நாள், பிறகு மாற்று.

இரண்டு, அது அந்த ஆயிலே இல்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் வெளியில் பாதி விலைக்கு வாங்கி வந்த கேனைத் திறந்தேன். மூடியின் வளையம் ஏற்கெனவே ஒருமுறை உடைந்து சூடு வைத்து ஒட்டியிருந்தது. கேனின் அடியில் அச்சடித்த தேதியும் லேபிளில் இருந்த தேதியும் ஒத்துப்போகவில்லை. கேன் அசல், ஆயில் யாருடையது என்று தெரியாது. காலி கேனை எடைக்கு எடுக்க வருபவர் மற்ற பிளாஸ்டிக்கைவிட இதற்கு ஏன் கூடுதல் காசு தருகிறார் என்பது அன்றைக்குப் புரிந்தது. அதிலிருந்து என் பட்டறையில் கடைசிச் சொட்டு வடிந்ததும் டிரில் எடுத்து கேனின் வயிற்றில் நாலு ஓட்டை போடுகிறேன். வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.